புழுதியிலை விதைக்கிறதோ, மழையைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? (மாரி மழைக் காலபோகம் 2024/25)

பாலியாற்றங்கரை
2024 செப்ரெம்பர் 25, இரவு 9.40

இவ்வளவு நாளும் மற்றவை எழுதுறதை வாசிச்சுப்போட்டுப் பேசாமல் போறவள் நான். இந்தமுறை கேக்க வேண்டி வந்திட்டுது.

நாங்கள் முல்லைத்தீவு மாவட்டத்திலை மல்லாவிப் பக்கம். வயல் மூண்டு ஏக்கர், ஆனால் ஒரே துண்டில்லை. மேல்துண்டு ரெண்டு ஏக்கர், மணலும் களியும் கலந்த இருவாட்டி மண், மழையை நம்பினது. கீழ்த்துண்டு ஒரு ஏக்கர், களி, சின்னக்குளத்து வாய்க்கால் முடியிற இடம். குளத்துத் தண்ணி கடைசியாத்தான் எங்களிட்டை வரும். வெள்ளம் எண்டால் முதல் எங்களிட்டைத்தான் வரும்.

இதுவரைக்கும் எல்லாம் அப்பாவின்ரை கையிலை. ஆவணியிலை அவருக்கு முழங்கால் ஒப்பரேசன். தை பிறக்கும்வரை வரம்பிலை ஏறக்கூடாதாம். தம்பிக்கு நவம்பர் 25 ஏ.எல். (உயர்தரப்) பரீட்சை தொடங்குது. அம்மாவுக்கு மேட்டுக்காணி உழுந்தோடையே நாள் போயிடும். மிச்சம் நான்தான். பகலிலை ஒரு கடையிலை கணக்கு எழுதுறன். காலமையும் பின்னேரமும் வயல்.

அப்பா சொல்லுறார்: "சோளகக் காத்து விடட்டும். வாடைக் காத்துத் திரும்பி ரெண்டு மழை விழுந்து நிலம் ஊறினாப் பிறகு உழுது பலகை அடிச்சு விதை." பக்கத்து வயல்காரர் எல்லாம் இப்பவே உழுதாச்சு, ஒக்ரோபர் முதல் கிழமை காஞ்ச நிலத்திலை புழுதி விதைப்பாம். உழவு மெசின்கார அண்ணை, "நான் உங்கடை வெளிக்கு ஒருக்காத்தான் வருவன், பிறகு என்னைத் தேடாதேங்கோ" எண்டிட்டார். போனிலை பாத்தால் ஒரு நாள் மழைப்படம் காட்டுது, அடுத்த நாள் அதையே அழிச்சுப்போடுது.

அனுபவம் உள்ளவை சொல்லுங்கோ.

---

ஒன்பது கலப்பை
செப்ரெம்பர் 25, இரவு 10.15

தங்கச்சி, உங்கடை மெசின்காரன் சொன்னது பொய்யில்லை. நானும் மெசின் வைச்சிருக்கிறன். முதல் மழை விழுந்த அண்டு பின்னேரம் எனக்கு முப்பது கோல் வரும். எல்லாருக்கும் அண்டைக்கே உழவேணும். ஐஞ்சாம் ஆளுக்குப் போக ஒரு கிழமை, பத்தாம் ஆளுக்குப் போகேக்கை வயலிலை மெசின் தாழும்.

காஞ்ச நிலத்திலை உழுது வைச்சிடுங்கோ. விதைக்கிறதைப் பேந்து யோசிக்கலாம்.

---

குளக்கட்டுக் கிழவன்
செப்ரெம்பர் 26, காலை 5.20

பிள்ளை, அப்பர் சொல்லுறதும் சரி, பக்கத்து வயல்காரர் சொல்லுறதும் சரி. நீர் மூண்டு ஏக்கரையும் ஒரு வயலா நினைக்கிறீர், அதுதான் பிழை.

நான் முத்தையன்கட்டு. ஐம்பது போகத்துக்கு மேலை விதைச்சிட்டன். புழுதி விதைப்பு எண்டால் என்ன கணக்கு? காஞ்ச நிலத்தை ரெண்டுதரம் உழுது, கட்டி உடைச்சு, காஞ்ச நெல்லையே எறிஞ்சு, திருப்பி மேலோட்டமா ஒரு உழவு. நெல்லு மண்ணுக்குள்ளை படுத்திருக்கும். மழை எப்ப வந்தாலும் முதல் துளியே அதுக்குத்தான். பயிர் முந்தும், மார்கழி வெள்ளம் வரேக்கை இடுப்பளவுக்கு நிண்டு தாக்குப்பிடிக்கும். குளத்துத் தண்ணியையும் தொடத் தேவையில்லை, அது பிறகு வாற சிறுபோகத்துக்கு மிஞ்சும். வாத்தியார்மார் இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொல்லுவினம், எங்கடை பாட்டன்மார் செய்ததுதான்.

ஆபத்து ரெண்டு. ஒண்டு பொய் மழை. அரை மணித்தியாலம் அடிச்சு நெல்லை முளைக்க வைச்சுப்போட்டுப் பத்து நாள் காயும். முளைச்சது கருகும். மற்றது, விதைச்ச கையோடை பெருமழை. களி நிலத்திலை மேலே படை பிடிச்சு, கீழே நெல்லு அழுகும்.

ஆகையாலை மேல்துண்டு இருவாட்டியைப் புழுதியிலை விதையும். கீழ்த்துண்டுக் களியை அப்பர் சொன்ன மாதிரி விடும். மழை வரட்டும், சேறடிச்சு முளை நெல்லு விதைக்கலாம். ரெண்டும் ஒரேயடியாப் பிழைக்காது.

அப்பர் ஏன் மேல்துண்டையும் பிந்திச் செய்யச் சொல்லுறார் எண்டு கேட்டுப்பாரும். அவரிட்டை ஒரு காரணம் இருக்கும்.

---

பூநகரிக்காரன்
செப்ரெம்பர் 26, காலை 8.02

எங்களிட்டை இந்தக் கேள்வியே எழும்பாது. குளம் பெரிசா இல்லை, முழுக்க மானாவாரி. புழுதியிலை எறிஞ்சுபோட்டு வானத்தைப் பாக்கிறதுதான் தொழில். மொட்டைக்கறுப்பன் போடுறம். உயர வளரும், சாயும், விளைச்சல் குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் மூஞ்சை சுளிக்காது. பசளையும் கனக்கக் கேக்காது. 2021இலை இரசாயனப் பசளையை ஒரேயடியா நிப்பாட்டேக்கை பரந்தன் பக்கம் ஆக்கள் தலையிலை கைவைச்சுக்கொண்டு இருந்தினம். நாங்கள் ஆட்டெருவோடை அந்த வருசத்தை ஒருமாதிரித் தாண்டினம்.

சிவப்பு அரிசி, புட்டுக்கு அதை விட்டால் வேறை இல்லை. இதிலை மட்டும் நான் நடுநிலை கிடையாது.

---

ஸ்காபரோக் குளிர்
செப்ரெம்பர் 26, பிற்பகல் 1.30 (கனடா நேரம்)

இங்கை கனடாவிலை இப்ப இலையெல்லாம் சிவக்கத் தொடங்கிட்டுது. வேலையிலை கூட இருக்கிறவை ஆப்பிள் ஆயவும் பூசணி வாங்கவும் கமங்களுக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகினம். அதுக்குக் காசும் குடுத்துப் போகினம். நான் துணுக்காயிலை பதினாறு வயசு மட்டும் இருந்தனான். எனக்குச் செப்ரெம்பர், ஒக்ரோபர் எண்டால் சிவப்பு இலை ஞாபகம் வாறேல்லை. முதல் மழைக்குப் பிறகு வாற மண் மணமும், ராத்திரி முழுக்க கத்துற தவளையும்தான். அப்பு விதைப்புக் கடகத்தை இடுப்பிலை வைச்சுக்கொண்டு வீசி நடக்கேக்கை ஒவ்வொரு காலடிக்கும் ஒரு கை. பின்னாலை நாங்கள் காகம் துரத்துவம்.

ஆப்பிள் ஆய ஆக்கள் காசு குடுத்து வருகினம் எண்டு இப்ப அப்புவுக்குச் சொன்னால் சிரிச்சே செத்திருப்பார்.

---

ஒன்பது கலப்பை
செப்ரெம்பர் 26, இரவு 11.41

அண்ணை, அந்த ஆக்களை இங்கை அனுப்புங்கோ. புல்லுப் பிடுங்க விடுவம். காசும் வாங்குவம்.

---

பாலியாற்றங்கரை
செப்ரெம்பர் 27, இரவு 8.55

எல்லாருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்ன மாதிரி அப்பாவைக் கேட்டன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார், 2010இலை நாங்கள் சண்டை முடிஞ்சு முகாமிலை இருந்து திரும்பி வந்து முதல் விதைச்ச போகம், ஆற்றையோ கடனிலை வாங்கின விதைநெல்லு, புழுதியிலை விதைச்சு ஒரு பொய் மழையிலை முழுக்கக் கருகிப்போச்சாம். அதுக்குப் பிறகு அவர் புழுதியிலை விதைச்சதில்லை. எனக்கு அப்ப சின்ன வயசு, ஒண்டும் தெரியாது. பதினாலு வருசமா அந்தக் காரணத்தை அவர் ஒருத்தருக்கும் சொல்லவும் இல்லை.

சொல்லி முடிய, "மேல்துண்டு உன்ரை விருப்பம்" எண்டார்.

இப்ப அடுத்த கேள்வி விதைநெல்லு. வீட்டிலை சிறுபோகத்து ஏ.ரி. 362 நெல்லு ஆறு புசல் (ஒரு புசல் இருபது கிலோ மட்டிலை) எடுத்து வைச்சிருக்கு. ஓகஸ்ட் கடைசியிலை வெட்டினது. அதைப் போடலாமோ?

---

குளக்கட்டுக் கிழவன்
செப்ரெம்பர் 28, காலை 5.05

அப்பருக்கு என்ரை வணக்கம் சொல்லும்.

விதைநெல்லை முதல் சோதிச்சுப் பாரும். நூறு மணி எண்ணி எடும். பொறுக்கி எடுக்கக் கூடாது, சாக்குக்குள்ளை கைவிட்டு அள்ளினதிலை அப்பிடியே எண்ண வேணும். நனைச்ச சாக்குத் துண்டிலை பரவி, சுருட்டி, வீட்டுக்குள்ளை நிழலிலை வையும். ஒவ்வொரு நாளும் தண்ணி தெளியும். ஆறாம் ஏழாம் நாள் விரிச்சு முளைச்சதை எண்ணும். 85க்கு மேலை எண்டால் நல்ல விதை. அதுக்குக் கீழே எண்டால் அரிசியாக்கிச் சாப்பிடும்.

உம்மடை நெல்லு வெட்டி ஒரு மாசம்தான். புது நெல்லுக்கு உறக்கம் இருக்கும். முளை குறைவா வந்தால் பழுதெண்டு நினைச்சு வித்துப்போடாதையும். நல்ல வெயிலிலை ரெண்டு மூண்டு நாள் காயவிட்டுத் திருப்பிச் சோதியும். உறக்கம் தெளிஞ்சிடும்.

மற்றது, ஏக்கருக்கு மூண்டு புசல், நாலு புசல் எண்டு அள்ளி எறியிற பழக்கம் எங்கடை ஆக்களிட்டை இருக்கு. ரெண்டு புசல் காணும், புழுதிக்கு இன்னும் அரைப் புசல் கூட்டும். அடர்த்தியா விதைச்சு யூரியாவையும் கூடக் கொட்டினால் அறக்கொட்டியான் பூச்சிக்குப் பாய் விரிச்சுக் குடுக்கிற மாதிரி.

---

நெடுங்கேணி வாத்தி
செப்ரெம்பர் 29, மாலை 6.40

ஒருத்தரும் காவலைப் பற்றிக் கதைக்கேல்லை. விதைக்கிறது ஒரு நாள் வேலை. காவல் நூறு நாள்.

எங்கடை பக்கம் முதல் வாறது மயில். விதைச்ச நெல்லைக் கிளறும். பயிர் எழும்ப மாடு. மேய்ச்சல்தரை ஒழுங்கா இல்லாத ஊரிலை காலபோகம் தொடங்கினால் மாட்டுக்காரருக்கும் வயல்காரருக்கும் சண்டை தொடங்கீட்டுது எண்டு அர்த்தம். கதிர் முத்தப் பன்றி. பால் பிடிக்கிற நேரம் யானை. யானை சாப்பிடுறதை விட மிதிக்கிறதுதான் கூட. ஒரு இரவிலை ஒரு ஏக்கர் சப்பளிஞ்சு போகும்.

யானைவெடி எடுத்து வையுங்கோ. ஆனால் பழகின யானை வெடிக்குப் பயப்பிடாது. எங்கடை வெளியிலை ஒண்டு வெடிச்சத்தம் கேட்டால் நிண்டு பாத்துப்போட்டு, எறிஞ்சவனை நோக்கி வரும். போன வருசம் என்ரை பரணை உதைச்சு விழுத்தினது. நான் அண்டைக்குப் பரணிலை இல்லை, பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டு வீட்டிலை இருந்தனான். மனிசி இண்டைக்கும் அந்தத் தாளுகளுக்கு நன்றி சொல்லுறா.

ஒண்டு மட்டும் கெஞ்சிக் கேக்கிறன். வீட்டுக் கரண்டை இழுத்து வேலிக் கம்பியிலை குடுக்கிற வேலை செய்யாதேங்கோ. பன்றிக்கெண்டு கட்டின கம்பியிலை மனிசர்தான் சாகினம், கட்டினவனே செத்த இடமும் இருக்கு.

---

பூநகரிக்காரன்
செப்ரெம்பர் 29, மாலை 7.15

வாத்தியார், கம்பி பிழைதான். ஆனால் ஒரு போக உழைப்பு ஒரு ராத்திரியிலை போறவனுக்கு நாங்கள் வீட்டிலை இருந்து புத்தி சொல்லுறது சுகம்.

---

நெடுங்கேணி வாத்தி
செப்ரெம்பர் 29, மாலை 7.31

என்ரை வயலும் போனதுதான் தம்பி. வீட்டிலை இருந்து சொல்லேல்லை.

---

வெள்ளைச் சப்பாத்து
செப்ரெம்பர் 30, இரவு 11.50

இரவு வேலை முடிஞ்சு எழுதுறன். நான் வன்னியிலை ஒரு ஆசுப்பத்திரியிலை தாதி. விதைப்புத் தொடங்கினால் எங்கடை விடுதியும் நிரம்பத் தொடங்கும், அதாலை சுருக்கமா ரெண்டு விசயம்.

எலிக்காய்ச்சல். எலியின்ரை சலம் கலந்த சேறும் தண்ணியும் காலிலை உள்ள சின்னப் புண்ணுக்காலை போகும். வயலிலை இறங்கிறவைக்குக் கிழமைக்கு ஒருக்காப் போடுற டொக்சிசைக்கிளின் குளிசை உங்கடை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலை இலவசம். பிஎச்ஐயிட்டை (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டாலும் ஒழுங்குபடுத்துவார். ஆருக்குக் குடுக்கலாம், ஆருக்குக் கூடாது எண்டதை அவை சொல்லுவினம். வயலாலை வந்தவருக்குக் காய்ச்சல், தசை நோ, கண் சிவப்பு எண்டால் "மழையிலை நனைஞ்சது" எண்டு வீட்டிலை மூண்டு நாள் வைச்சிருக்காதேங்கோ.

பாம்பு. வரம்பு வெட்டேக்கையும் பின்னேரம் தண்ணி கட்டப் போகேக்கையும் கண்ணாடி விரியன். கட்டு இறுக்கிக் கட்டாதேங்கோ, வெட்டாதேங்கோ, பாம்பைப் பிடிச்சுக்கொண்டு வரவும் வேண்டாம். ஆளைக் கொண்டு வாங்கோ. ஒருத்தர் பாம்பை ஷொப்பிங் பையிலை உயிரோடை கொண்டு வந்து மேசையிலை வைச்சவர். அண்டைக்கு நான் ஓடின ஓட்டம்...

---

ஒன்பது கலப்பை
ஒக்ரோபர் 2, காலை 7.00

டீசல் 307 இலை இருந்து 283 ஆச்சு. உழவுக்கூலி குறைக்கிறியோ எண்டு நேற்று மட்டும் ஆறு பேர் கேட்டாச்சு. கூடேக்கை ஆறு பேரும் "நீ கூட்டு அண்ணை" எண்டு சொல்லேல்லை.

சரி, கொஞ்சம் குறைச்சிருக்கிறன்.

---

பாலியாற்றங்கரை
ஒக்ரோபர் 7, இரவு 9.10

நெல்லு முதல் சோதனையிலை நாலாம் நாளே எண்ணினன், 61. பயந்திட்டன். ஐயா சொன்ன மாதிரி முத்தத்திலை படங்கு விரிச்சு ரெண்டு நாள் காயப்போட்டம். அம்மா காலாலை துழாவித் துழாவிப் பிரட்டினா. அடுத்த சோதனையும் ஏழு நாள் பொறுக்கேல்லை, நாலாம் நாளே பிரிச்சு எண்ணினன். 90. தம்பி படிப்பை விட்டிட்டு வந்து திருப்பி எண்ணினான், அவனுக்கு 91.

நேற்று ஞாயிறு மேல்துண்டு விதைச்சாச்சு. எங்கடை மெசின்கார அண்ணை கடைசியா ஒருக்கா வந்து மூடு உழவும் உழுது தந்தார். அப்பாவைக் கதிரையோடை தூக்கி உழவு மெசின் பெட்டியிலை ஏத்திக்கொண்டு போய் வரம்படியிலை, றோட்டுக் கரையிலை இருத்தினம். முதல் கைப்பிடி அவர்தான் எறிஞ்சவர், இருந்த இடத்திலை இருந்தே. அது ரெண்டு யார் தூரம்தான் போனது. மிச்சம் நான்.

வீசி விதைக்கிறது சும்மா வேலை எண்டு நினைச்சிருந்தன். கை ஒருபக்கம் போகுது, கால் ஒருபக்கம் போகுது. முதல் பத்து நிமிசம் எறிஞ்சது எங்கை விழுந்ததெண்டு முளைக்கேக்கை எல்லாரும் காணப்போகினம். அப்பா கரையிலை இருந்து, "இடது காலுக்கு ஒண்டு, இடது காலுக்கு ஒண்டு" எண்டு கத்திக்கொண்டு இருந்தார்.

---

ஸ்காபரோக் குளிர்
ஒக்ரோபர் 7, பிற்பகல் 12.20 (கனடா நேரம்)

இடது காலுக்கு ஒண்டு. அதேதான் தங்கச்சி. இப்பதான் ஞாபகம் வருகுது. நன்றி.

---

குளக்கட்டுக் கிழவன்
ஒக்ரோபர் 8, காலை 5.00

இனி மழையைத் தேடி ஆகாசத்தைப் பாக்காதையும், கழுத்து நோகும். கீழ்த்துண்டு வரம்பைக் கட்டி, நண்டுப் பொட்டுகளை அடையும். கமக்காரர் அமைப்பிலை வாய்க்கால் துப்பரவுச் சிரமதானம் வைப்பினம், ஒருவரையாவது அனுப்பும். அண்டைக்குப் போகாத ஆளுக்குத் தண்ணி முறை வரேக்கை குரல் எழும்பாது.

---

பாலியாற்றங்கரை
ஒக்ரோபர் 19, இரவு 10.30

மழை!!! 14ஆம் திகதி பின்னேரம் இடியோடை ஒரு மணித்தியாலம். 16 திரும்பவும். 18 இரவு முழுக்க. இண்டைக்குக் காலமை போய்ப் பாத்தால் மேல்துண்டு முழுக்க ஊசி குத்தின மாதிரிப் பச்சை. நான் எறிஞ்ச முதல் பத்து நிமிசம் நல்ல வடிவாத் தெரியுது. ஒரு இடத்திலை தலைமயிர் மாதிரி அடர்த்தி, பக்கத்திலை வழுக்கை. அப்பா போட்டோவைப் பெருப்பிச்சுப் பாத்துப்போட்டு, "பரவாயில்லை, களைக்குப் போகேக்கை பிடுங்கி நட்டு விடலாம்" எண்டார்.

கீழ்த்துண்டு உழவுக்கு நிக்குது. மெசின்கார அண்ணை போன் எடுக்கிறார் இல்லை. :)

---

ஒன்பது கலப்பை
ஒக்ரோபர் 19, இரவு 10.42

சொன்னனான்.

---

நெடுங்கேணி வாத்தி
ஒக்ரோபர் 23, மாலை 5.00

நெல்லுப் பசளை மானியம் ஹெக்ரயருக்கு 15000 இருந்தது, இந்தப் போகம் 25000. ரெண்டு ஹெக்ரயர் மட்டும்தான். கமநல சேவை நிலையத்திலை பதிவும் வங்கிப் புத்தகமும் சரியா இருக்கோ எண்டு இப்பவே பாருங்கோ. அப்பாவின்ரை பெயரிலை காணி, மகளின்ரை பெயரிலை கணக்கு எண்டு நிண்டால் இழுபடும். பயிர்க் காப்புறுதிக்கும் சேத்து எழுதிவிடுங்கோ. வெள்ளம் வந்தாப் பிறகு ஓடி உதவாது.

---

பாலியாற்றங்கரை
நவம்பர் 3, இரவு 9.25

கீழ்த்துண்டு ஒக்ரோபர் 28 விதைச்சம். நெல்லை ஒரு நாள் ஊறவைச்சு, ரெண்டு நாள் சாக்கிலை கட்டி முளை கிளப்பி, சேறடிச்சு விதைச்சது. சாக்குக்குள்ளை கைவைச்சால் காய்ச்சல்காரன்ரை நெத்தி மாதிரிச் சுட்டுது. தீபாவளிக்கு முதல் விதைச்சு முடிக்கவேணும் எண்டு நிண்டு முடிச்சிட்டம். அம்மாவும் மேட்டுக்காணியிலை உழுந்து போட்டிட்டா. வேலிக் கரையெல்லாம் கார்த்திகைப்பூ.

நான் கணக்கு எழுதிறவள் எண்டபடியாலை இந்தமுறை ஒரு கொப்பி போட்டன். உழவு, விதை, களைநாசினி, பசளை, கூலி, எண்ணெய், எல்லாம் திகதியோடை. நேற்று அதைக் கூட்டி, போன காலபோகம் நெல்லு வித்த காசோடை வைச்சுப் பாத்தன். லாபம் வருகுது. ஆனால் அந்தக் கொப்பியிலை அம்மாவின்ரை நாள்கூலி ஒரு இடத்திலையும் இல்லை. என்ரையும் இல்லை. அதை எழுதினால் லாபம் போய் நட்டம் நிக்குது.

அப்பாவிட்டைக் காட்டினன். "எங்கடை கூலியை நாங்களே ஆரிட்டை வாங்குறது?" எண்டு கேட்டார். எனக்கு மறுமொழி தெரியேல்லை. ஆனால் எழுதாமல் விடவும் மனமில்லை. ரெண்டு பத்தியாப் போட்டு வைச்சிருக்கிறன்.

---

பூநகரிக்காரன்
நவம்பர் 3, இரவு 10.05

இந்தக் கணக்கை வெளியிலை காட்டாதேங்கோ. ஊரிலை ஒருத்தரும் அடுத்தமுறை விதைக்க மாட்டினம்.

---

ஸ்காபரோக் குளிர்
நவம்பர் 3, பிற்பகல் 3.15 (கனடா நேரம்)

நான் ஒவ்வொரு வருசமும் விதைப்புக்கு எண்டு அண்ணாவுக்குக் காசு அனுப்புறனான். அது எந்தப் பத்தியிலை வரும் தங்கச்சி?

---

பாலியாற்றங்கரை
நவம்பர் 4, காலை 6.10

அண்ணை, அதையும் உங்கடை அண்ணா "வருமானம்" எண்டுதான் எழுதியிருப்பார். பிழை, அது முதலீடு. போய்ச் சொல்லாதேங்கோ.

---

வெள்ளைச் சப்பாத்து
நவம்பர் 26, இரவு 8.30

எல்லாரும் பத்திரமோ? இங்கை நேற்றுத் தொடக்கம் விடாத மழை. றோட்டுக்கு மேலாலை தண்ணி போகுது. வேலைக்கு உழவு மெசினிலை வந்து சேந்தன்.

---

நெடுங்கேணி வாத்தி
நவம்பர் 27, காலை 9.00

ஏ.எல். பரீட்சையை இண்டையிலை இருந்து நிப்பாட்டி வைச்சிருக்கினம். பிள்ளையளை வெள்ளத்துக்குள்ளாலை அனுப்பாதேங்கோ. பாலியாற்றங்கரை, தம்பி வீட்டிலைதானே?

---

பாலியாற்றங்கரை
நவம்பர் 28, மாலை 4.45

தம்பி வீட்டிலை. மின்சாரம் இல்லை, கடையிலை போன் சார்ஜ் போட்டு எழுதுறன்.

மேல்துண்டு நிக்குது. முழங்காலளவு பயிர், ஐஞ்சாறு மணித்தியாலம் தண்ணி நிண்டு வடிஞ்சிட்டுது, நிமிந்து நிக்குது. கீழ்த்துண்டு தெரியேல்லை. பயிர் தெரியேல்லை எண்டில்லை, வரம்பே தெரியேல்லை. சின்னக்குளம் நிரம்பி வான் பாயுது. எங்கடை வயலுக்கு மேலாலை ஒரு ஆறு போகுது. அப்பா கதவடியிலை கதிரையைப் போட்டு அந்தப் பக்கத்தையே பாத்துக்கொண்டு இருக்கிறார். ஒண்டும் சொல்லேல்லை.

---

குளக்கட்டுக் கிழவன்
நவம்பர் 29, காலை 5.10

பிள்ளை, மூண்டு நாலு நாளிலை வடிஞ்சால் தப்பும். ஒரு கிழமை கலங்கல் தண்ணிக்குள்ளை கிடந்தால் ஒரு மாசப் பயிர் தாங்காது. வடிஞ்ச உடனை யூரியா எறிய ஓடாதையும். குருத்தைப் பிடிச்சு மெல்ல இழுத்துப் பாரும். கையோடை வந்தால் அழுகிட்டுது. வரமாட்டன் எண்டு நிண்டால் உயிர் இருக்கு.

எங்கடை பக்கம் 2018 டிசம்பர் 21 இரவு வந்த வெள்ளத்துக்கு இது காணாது. அந்த வருசம் கிளிநொச்சியிலையும் முல்லைத்தீவிலையும் கதிர் வெளியிலை வரமுதல், குடலைப் பருவத்திலை பயிர் போனது, திருப்பி விதைக்கக் காலமும் இருக்கேல்லை. உமக்குக் காலம் இருக்கு. ஆறுதலுக்குச் சொல்லேல்லை, கணக்குத்தான்.

---

பாலியாற்றங்கரை
டிசம்பர் 4, காலை 6.30

நேற்றுத்தான் முழுக்க வடிஞ்சுது. ஐயா சொன்ன மாதிரி குருத்து இழுத்துப் பாத்தன். பத்து இடத்திலை இழுத்தன், எட்டு கையோடை வந்திட்டுது. கிராம சேவகருக்கும் கமநல சேவைக்கும் எழுதிக் குடுத்தாச்சு, படமும் எடுத்தாச்சு.

தம்பிக்கு இண்டைக்குத் திரும்பப் பரீட்சை. நேற்று இரவு புத்தகத்தோடை இருந்தவன் திடீரெண்டு, "அக்கா, அந்த ஒரு ஏக்கரை என்ன பத்தியிலை எழுதுவாய்?" எண்டு கேட்டான். போய்ப் படி எண்டன்.

அப்பா, "மூண்டு மாச நெல்லுக் கிடைச்சால் இப்பவும் விதைக்கலாம்" எண்டுறார். இங்கை ஒருத்தரிட்டையும் இல்லை, இருந்தவை எல்லாம் தங்கடை அழிவுக்கே போடுகினம். ஆரிட்டையாவது பி.ஜி. 300 ரெண்டு புசல் இருக்கோ?

---

பூநகரிக்காரன்
டிசம்பர் 4, காலை 7.12

என்னட்டை மொட்டைக்கறுப்பன்தான். இந்தக் காலத்துக்கு அது சரிவராது.

---

ஒன்பது கலப்பை
டிசம்பர் 4, காலை 7.40

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரிட்டை பி.ஜி. 250 இருக்கு, எண்பது நாள். விளைச்சல் கொஞ்சம் குறைவு, ஆனால் மாசி கடைசியிலை வெட்டலாம். கேட்டுச் சொல்லட்டோ?

---

குளக்கட்டுக் கிழவன்
டிசம்பர் 4, காலை 8.05

பி.ஜி. 300 என்னட்டை மூண்டு புசல் கிடக்குது. சோதிச்சது, 88. ரெண்டரைப் புசல் எடும், மிச்சம் எனக்கு வழுக்கைக்குப் போட வேணும். காசு இப்ப வேண்டாம், வெட்டினாப் பிறகு நெல்லாத் தாரும், புசலுக்குப் புசல். வெள்ளிக்கிழமை ஒட்டுசுட்டான் சந்திக்கு ஆளை அனுப்பும், பத்து மணிக்குக் கொண்டு வந்து வைக்கிறன். சாக்கு நீங்களே கொண்டு வாங்கோ, என்னட்டை உள்ளதெல்லாம் எலி வெட்டினது.

---

பாலியாற்றங்கரை
டிசம்பர் 4, காலை 8.09

நானே வாறன் ஐயா. மூண்டு சாக்கு கொண்டு வாறன், ஒண்டு உங்களுக்கு.